கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஸ்டாண்ட்: அளவெடுப்பது முதல் ஆடாமல் நிறுத்துவது வரை

ஸ்டாண்ட் வரும் பெட்டியின் மேல் "8 அடி மரம் வரை தாங்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை நம்பி வாங்குவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே உயரமுள்ள இரண்டு மரங்களில் ஒன்றின் அடித்தண்டு மணிக்கட்டுப் பருமனில் இருக்கும், இன்னொன்று தொடைப் பருமனில் இருக்கும். ஸ்டாண்ட் பிடிப்பது தண்டைத்தான், உயரத்தை அல்ல. மரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதும் தண்டின் பருமனைப் பொறுத்ததே. ஆகவே உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்டை அளந்துகொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் வெட்டிய நிஜ மரத்துக்கானது. பிளாஸ்டிக் மரம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய பகுதி போதும்.

அளவுகள்

அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு கயிற்றை இறுக்கிப் பிடித்து அதன் நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். சுற்றளவு 35 செ.மீ. என்றால் விட்டம் 11 செ.மீ. வீட்டில் வைக்கும் அளவு மரங்களுக்கு 8 முதல் 13 செ.மீ. வரை சகஜம்.

ஸ்டாண்டின் வாய், தண்டைவிட 2 செ.மீ.யாவது அகலமாக இருக்க வேண்டும். போல்ட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் நகர்த்த இடம் இல்லாவிட்டால் மரத்தை நிமிர்த்தவே முடியாது. அதற்காக மிகப் பெரிய வாயும் உதவாது. போல்ட் முழுவதும் உள்ளே போயும் தண்டை எட்டாமல் நிற்கும்.

அறையின் உயரத்தையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். கூரை 240 செ.மீ. என்றால் உச்சி நட்சத்திரத்துக்கு 20, அதற்கு மேல் இடைவெளி 10, தண்டு உட்காரும் மேடைக்கு 2 அல்லது 3 என்று கழித்தால் 205 செ.மீ. மரம்தான் வசதியாக நிற்கும். ஸ்டாண்டின் முழு உயரத்தையும் கழிக்க வேண்டியதில்லை. தண்டு அதற்குள்ளேதானே இறங்கப்போகிறது.

எந்த வகை?

போல்ட் வகைதான் அதிகம் புழக்கத்தில் உள்ளது. தண்ணீர்க் கிண்ணம், அதன் நடுவில் ஒரு கூர்முள், மேலே ஒரு வளையம், வளையத்தில் மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட். எளிய அமைப்பு, பழுதானாலும் ஒரு போல்ட்டை மாற்றினால் போதும். நான்கு போல்ட் உள்ளதை எடுங்கள். எதிரெதிராக இரண்டு ஜோடி என்பதால் முன்பின், இடவலம் என்று தனித்தனியாகச் சரிசெய்யலாம். மூன்று போல்ட்டில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் இடம் மாறும். பெரிய மரத்துக்கு இரண்டு அடுக்கில் போல்ட் வரும் உயரமான ஸ்டாண்டே நல்லது. கீழ் வரிசை அடியைப் பிடிக்கும், மேல் வரிசை சாய்வைச் சரிசெய்யும்.

கேபிள் வகையில் நான்கைந்து நகங்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி ஒரு கம்பிக் கயிறு ஓடும். பெடலை மிதிக்க மிதிக்கக் கயிறு இறுகும், ஒவ்வொரு நகமும் தண்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தானாகப் போய் அமரும். ஒருவர் மரத்தை நேராகப் பிடிக்க, இன்னொருவர் காலால் மிதித்தால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஒரே குறை, இறுக்கிய பிறகு நுணுக்கமாகச் சரிசெய்ய வழியில்லை. சாய்ந்துவிட்டால் முழுவதையும் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும். மிதித்து முடித்ததும் பூட்டு நெம்புகோலைப் போட மறக்காதீர்கள். பூட்டாத பெடலில் யாராவது தெரியாமல் கால் வைத்தால் மரம் அப்படியே சாயும்.

முள் வகைக்குத் தண்டின் அடியில் துளை போட்டு, ஸ்டாண்டின் நடுவில் உள்ள கம்பியில் செருக வேண்டும். துளை அச்சுப் பிசகாமல் விழ, அதற்கென்று உள்ள துளைக்கருவி வேண்டும். கையால் துளைத்தால் துளை கோணும், மரமும் கோணும். இன்னொன்று, துளை போட்டால் மரம் அதிகத் தண்ணீர் குடிக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். குடிக்கும் பகுதி தண்டின் வெளிவட்டத்தில் இருக்கிறது, நடுவில் இல்லை.

குறுக்காக இரண்டு பலகையை ஆணியடித்த ஸ்டாண்டில் தண்ணீருக்கு இடமே கிடையாது. இரண்டு மூன்று நாள் காட்சிக்குச் சரி. அதற்கு மேல் போனால் ஊசியிலை கொட்டத் தொடங்கும், காய்ந்த மரம் தீ பிடிப்பதும் எளிது.

வாளியில் மணல் நிரப்பி நட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஈர மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர் நிற்கும், எவ்வளவு மீதம் இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது. வாளிதான் இருக்கிறது என்றால் மணலுக்குப் பதில் முஷ்டி அளவு கற்களைப் போட்டு இறுக்குங்கள். இது 1 மீட்டருக்குள் உள்ள குட்டி மரங்களுக்கு மட்டும்.

தண்ணீர் கணக்கு

தண்டு விட்டத்தின் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் 1 லிட்டர் தண்ணீர் என்பதுதான் மரம் வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. 11 செ.மீ. தண்டு என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கிண்ணத்தின் கொள்ளளவு என்று பெட்டியில் போட்டிருக்கும் எண், மரம் உள்ளே இல்லாதபோது அளந்தது.

ஒரு கிண்ணத்தின் உள்விட்டம் 25 செ.மீ., ஆழம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை ஊற்றினால் 7.3 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆனால் விளிம்பு வரை யாரும் ஊற்றுவதில்லை, 2 செ.மீ. விட்டுத்தான் நிரப்புவோம். தண்டு உட்காரும் மேடை 1 செ.மீ. உயரம். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் வெட்டுவாயைத் தொடாது, இருந்தும் பயனில்லை. மிஞ்சும் 12 செ.மீ. உயரத்திலும் 11 செ.மீ. தண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். கணக்குப் பார்த்தால் மரத்துக்கு உண்மையில் கிடைப்பது 4.7 லிட்டர்தான். பெட்டியில் 7 என்று போட்ட ஸ்டாண்ட் இந்த மரத்துக்கு மயிரிழையில் போதுமானதாகிறது. எனவே கணக்கில் வரும் அளவைப் போல ஒன்றரை மடங்கு போட்டிருக்கும் ஸ்டாண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கால்கள்

மூன்று கால் ஸ்டாண்ட் எந்தத் தரையிலும் தடதடக்காது. நான்கு கால் தரை மேடுபள்ளமாக இருந்தால் ஆடும். இதைக் கேட்டு மூன்று கால்தான் உறுதியானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆடாமல் இருப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு.

நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 30 செ.மீ. நீளம் என்றால், மரம் கவிழ்வது கால் இருக்கும் திசையில் அல்ல, இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட திசையில். மூன்று காலில் அந்த விளிம்பு நடுவிலிருந்து 15 செ.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. நான்கு காலில் 21 செ.மீ. வட்டமான அடித்தட்டு என்றால் முழு 30. மரத்தின் எடை மையம் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், மூன்று கால் ஸ்டாண்ட் 12 டிகிரி சாய்ந்ததுமே கவிழும், நான்கு கால் ஏறக்குறைய 17 டிகிரி தாங்கும், வட்டத்தட்டு 23 டிகிரி தாங்கும். கையில் இருப்பது மூன்று கால்தான் என்றால், கிளைகள் அடர்ந்த கனமான பக்கத்துக்கு ஒரு காலைத் திருப்பி வையுங்கள். பூனையோ குழந்தையோ ஓடும் பக்கம் இரண்டு கால்களின் இடைவெளி வரக் கூடாது.

கம்பளம் விரித்த தரையில் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்துக்கு அமுங்கும். 60 செ.மீ. சதுரத்தில் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை அடியில் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை தீரும். 2 மீட்டருக்கு மேற்பட்ட மரம் என்றால் ஸ்டாண்டின் கால்களை அந்தப் பலகையோடு திருகிவிடுங்கள். கவிழும் விளிம்பு பலகையின் ஓரத்துக்குத் தள்ளிப்போகும்.

மரம் வருவதற்கு முந்தைய நாள்

ஸ்டாண்டைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று அப்போதே தெரியும். பற்றவைத்த தகர ஸ்டாண்டில் மூட்டுகளும், பிளாஸ்டிக்கில் கால் கிண்ணத்தோடு சேரும் இடங்களும்தான் பெரும்பாலும் விடும். மரத்தை நிறுத்திய பிறகு கசிவைக் கண்டுபிடிப்பதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை.

போல்ட்களை முழுதும் கழற்றி, மரையில் வாசலின் தடவித் திரும்ப மாட்டுங்கள். போன வருடத் துருவும் பிசினும் சேர்ந்து இறுகியிருந்தால், தண்டு இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் இறுகியது போல்ட் மட்டுமே.

வைக்கும் இடம் ஹீட்டர், கணப்பு, வெந்நீர்க் குழாய், வெயில் விழும் ஜன்னல் எதுவானாலும் 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். வெளியே போகும் வழியை மரம் மறிக்கக் கூடாது. மரத் தரை என்றால் பிளாஸ்டிக் விரிப்பும் தட்டும் கட்டாயம். கசியாவிட்டாலும், குளிர்ந்த தண்ணீர் நிற்கும் உலோகக் கிண்ணத்தின் அடியில் வியர்த்துத் தரையில் கறை படியும்.

எடுத்து வைக்க வேண்டியவை: முரட்டுப் பல் உள்ள ரம்பம், கனமான கையுறை, அளவுநாடா, ரப்பர் சுத்தியல், நீள மூக்குள்ள பூவாளி, பழைய போர்வை, கூட ஓர் ஆள்.

நிறுத்துவது

1. கிளைகளை மடக்கிக் கடையில் சுற்றித் தரும் வலையைப் பிரிக்காமல் மரத்தைப் போர்வையின் மேல் கிடத்துங்கள். கிளைகள் மடங்கியிருக்கும்போதே ஸ்டாண்டை மாட்டிவிட வேண்டும். முதலில் வலையை அறுத்துவிட்டு, விரிந்த கிளைகளுக்குள் கையை விட்டுப் போல்ட்டைத் தேடுவது வீண் சிரமம்.

2. கிண்ணத்தின் அடியிலிருந்து வளையத்தின் மேல்விளிம்பு வரை அளந்து, அதற்கு மேல் 3 செ.மீ. சேர்த்து, அந்த உயரம் வரை உள்ள கீழ்க்கிளைகளை நறுக்குங்கள். வழக்கமாக 15 முதல் 20 செ.மீ. வரும். கிளையின் கட்டை துருத்தி நிற்காமல் தண்டோடு ஒட்ட வெட்டுங்கள். போல்ட் அந்தக் கட்டை மேல் பட்டால் வழுக்கும். தண்டின் பட்டையைச் சீவிவிடாமல் கவனம்.

3. அடியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தடிமனில் ஒரு வட்டு அறுத்தெடுங்கள். மரம் வெட்டப்பட்டுச் சில மணி நேரத்திலேயே வெட்டுவாயில் காற்று புகுந்து, பிசினும் படிந்து தண்ணீர் ஏறும் வழி அடைபட்டுவிடுகிறது. புது வெட்டுதான் அதைத் திறக்கும். தண்டைச் சுற்றி ஒட்டுநாடாவை நேராக ஒட்டி, அதன் ஓரத்தைப் பிடித்து அறுத்தால் வெட்டு கோணாது. பூங்கொத்துக் காம்பைப் போலச் சாய்வாக வெட்டக் கூடாது. சாய்ந்த வெட்டு மேடையில் ஒரு முனையில்தான் உட்காரும், தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும் வெட்டின் மேல்பகுதி காய்ந்துவிடும்.

4. இப்போதிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊசியிலை மரங்கள் புது வெட்டுக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்றாலும் அரைமணிக்குள் தண்ணீரில் வைப்பதுதான் நல்லது. இன்றைக்கு நிறுத்த முடியாது என்றால் வாளித் தண்ணீரில் நிற்க வைத்துக் குளிர்ந்த நிழலில் விடுங்கள்.

5. படுத்திருக்கும் மரத்தின் அடியை ஒரு கட்டை மேல் கொஞ்சம் தூக்கி வைத்து, ஸ்டாண்டைப் பக்கவாட்டில் செருகுங்கள். நடுமுள் தண்டின் மையத்தில் படுகிறதா என்று பார்த்து, ஸ்டாண்டின் அடியை ரப்பர் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. முள் முழுதாக இறங்கித் தண்டு மேடையில் பட வேண்டும். தண்டு அந்தரத்தில் போல்ட்களில் மட்டும் தொங்கினால், நாளைக்கே அது வழுக்கி இறங்கும்.

6. எதிரெதிர் போல்ட்களை ஜோடி ஜோடியாகத் திருகித் தண்டைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். எல்லாம் தொட்ட பிறகு ஒவ்வொன்றையும் அரைச் சுற்று. இப்போதைக்கு இது போதும்.

7. ஒருவர் ஸ்டாண்டின் கால் மேல் மிதித்துக்கொள்ள, மற்றவர் தண்டின் நடுப்பகுதியைப் பிடித்து மரத்தைத் தூக்கி நிறுத்தலாம். உச்சியைப் பிடித்து இழுத்தால் முறியும். நின்றதும் வலையைக் கீழிருந்து மேலாக அறுத்து எடுங்கள்.

கேபிள் ஸ்டாண்ட் என்றால் 5, 6 படிகளுக்கு வேலை இல்லை. ஸ்டாண்டைத் தரையிலேயே வைத்து, மரத்தை நேராக உள்ளே இறக்கி, பிடித்துக்கொண்டே மிதிக்க வேண்டியதுதான்.

நிமிர்த்துவது

மரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது நேராக நிற்கிறதா என்று தெரியாது. இன்னொருவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்துச் சொல்லட்டும். முதலில் முன்னாலிருந்து, பிறகு சரியாகப் பக்கவாட்டிலிருந்து. இந்த இரண்டு கோணத்திலும் நேராகத் தெரிந்தால் எங்கிருந்து பார்த்தாலும் நேர்தான்.

எது நேர் என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. தண்டு வளைந்த மரத்தில் ரசமட்டத்தைத் தண்டில் வைத்துப் பயனில்லை. உச்சியிலிருந்து ஒரு நூலில் சிறு எடையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது தண்டின் அடிக்கு நேரே வந்தால் மரம் நேராக நிற்கிறது என்று பொருள். நடுவில் தண்டு எப்படி வளைந்திருந்தாலும் கிளைகள் மறைத்துவிடும்.

இனி திருகும் வேலை. மரம் இடப்பக்கம் சாய்கிறது என்றால், வலப்பக்கப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இடப்பக்கப் போல்ட்டை இறுக்க வேண்டும். சாயும் பக்கத்துப் போல்ட்தான் தண்டை எதிர்ப்பக்கம் தள்ளும். பதற்றத்தில் பலரும் மாற்றித் திருகிவிடுவது இங்கேதான். எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தாமல் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் போல்ட் தண்டுக்குள் புதையும், மரம் அசையாது.

எவ்வளவு திருகுவது? அடியைப் பிடித்திருக்கும் முள்ளிலிருந்து போல்ட் வளையம் 15 செ.மீ. மேலே இருக்கிறது, மரம் 180 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வளையத்தில் 1 மி.மீ. நகர்ந்தால் உச்சியில் 12 மி.மீ. நகரும். வழக்கமான 10 மி.மீ. போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. முன்னேறும். ஆக ஒரு சுற்று திருகினால் உச்சி 18 மி.மீ. நகர்கிறது. அரைச் சுற்று, நின்று பார், மறுபடி அரைச் சுற்று என்று போனால் நாலைந்து தடவையில் முடிந்துவிடும். ஒரேயடியாக நாலு சுற்று திருகினால் மரம் மறுபக்கம் சாய்ந்து, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும்.

நேரானதும் எல்லாப் போல்ட்டையும் சமமாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். கைவிரலால் இறுகும்வரை போதும், குறடு போட்டு முறுக்கினால் பட்டை நசுங்கிப் பிடி தளரும். தண்டைப் பிடித்து லேசாக உலுக்கும்போது ஸ்டாண்டும் சேர்ந்து அசைய வேண்டும். ஸ்டாண்டுக்குள் தண்டு மட்டும் அசைந்தால் பிடி போதவில்லை.

மரம் சாய்கிறது என்பதற்காக ஸ்டாண்டின் காலடியில் அட்டையை மடித்து வைக்காதீர்கள். ஆப்பு வைப்பது தரை சாய்வாக இருந்தால் மட்டும். மரச் சாய்வுக்கு ஆப்பு வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், கிண்ணத்துத் தண்ணீரும் ஒருபக்கம் ஒதுங்கும்.

2 மீட்டரைத் தாண்டிய மரம், அல்லது பூனை, தவழும் குழந்தை உள்ள வீடு என்றால் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் கெட்டியான மீன்பிடி நரம்பைக் கட்டி, சுவரில் உள்ள இரண்டு கொக்கிகளுக்கு இரு திசையில் இழுத்துக் கட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாது. திரைச்சீலைக் கம்பியில் கட்டினால் மரத்தோடு கம்பியும் சேர்ந்து வரும்.

முதல் வாரத் தண்ணீர்

மரம் நின்ற கையோடு நிரப்புங்கள். 10 செ.மீ. தண்டுள்ள மரம் முதல் நாளிலேயே 4 லிட்டர் வரை இழுக்கக்கூடும். காலையில் நிரம்பியிருந்த கிண்ணம் மாலையில் காலியாக இருந்தால் கசிகிறதோ என்று பயப்பட வேண்டாம். முதல் மூன்று நாள் காலை மாலை இரண்டு வேளையும் பாருங்கள். பிறகு குடிப்பது படிப்படியாகக் குறையும்.

வெறும் குழாய்த் தண்ணீர் போதும். சர்க்கரை, ஆஸ்பிரின், வெந்நீர் எதுவும் வேண்டாம். பிளீச் ஊற்றுவது, அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்கும் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து.

வெட்டுவாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கவே கூடாது. வெளியே பார்த்தால் கிண்ணத்தில் தண்ணீர் கிடக்கும், ஆனால் மேடைக்குக் கீழே இருந்தால் அது மரத்துக்கு எட்டாத தண்ணீர். முதலிலேயே ஒரு குச்சியில் வெட்டுவாயின் மட்டத்தைக் கோடு போட்டு வைத்துக்கொண்டால், கிண்ணத்தில் விட்டு எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தினமும் குனிந்து ஊற்ற முடியாதவர்கள் தண்டோடு சேர்த்து ஒரு மெல்லிய குழாயைக் கட்டி, மேல்முனையில் புனல் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டை மறைக்கச் சுற்றும் துணியின் ஓரம் கிண்ணத்துக்குள் விழாமல் பாருங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் துணி தண்ணீரை இழுத்துத் தரையில் சொட்டிக்கொண்டே இருக்கும். "ஸ்டாண்ட் ஒழுகுகிறது" என்று வரும் புகார்களில் சில இப்படிப்பட்டவைதான். விளக்குச் சரத்தின் பிளக்கும் நீட்டிப்புக் கம்பியின் இணைப்பும் தரையில் கிடக்கக் கூடாது, கிண்ணத்தைவிட உயரத்தில் இருக்கட்டும். படுக்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

கோளாறுகள்

மறுநாள் காலை மரம் சாய்ந்திருக்கிறது: பெரும்பாலும் பட்டை அமுங்கிப் போல்ட் தளர்ந்திருக்கும். வலையில் மடங்கிக் கிடந்த கிளைகள் இரவில் விரிவதால் எடை ஒரு பக்கம் மாறுவதும் உண்டு. அதனால்தான் அலங்காரத்தை ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்கிறோம். 24 மணி நேரம் கழித்து ஒருமுறை இறுக்கி, மறுபடி பார்த்துவிட்டு அலங்கரியுங்கள்.

தண்டு வாய்க்குள் போகவில்லை: கத்தியை எடுத்துப் பட்டையையும் வெளிமரத்தையும் சீவி மெலிதாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். தண்ணீர் ஏறுவது அந்த வெளிவட்டத்தில்தான். அதைச் சீவிவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் மரம் காயும். பெரிய ஸ்டாண்ட் வாங்குவது ஒன்றுதான் வழி.

தண்டு மெலிந்தது, போல்ட் எட்டவில்லை: ஒரே தடிமனுள்ள மரக்கட்டைத் துண்டுகள் நான்கை வெட்டி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் வையுங்கள். அட்டை வைத்தால் நனைந்து கூழாகி இரண்டே நாளில் பிடி போய்விடும்.

தண்ணீர் குறையவே இல்லை: புது வெட்டு போடாமல் நிறுத்தியிருக்கலாம், அல்லது ஒரு நாள் கிண்ணம் காய்ந்து வெட்டுவாய் அடைத்திருக்கலாம். தண்டில் துளை போடுவதோ வெந்நீர் ஊற்றுவதோ பலிக்காது. மரத்தை இறக்கி மறுபடி ஒரு வட்டு அறுத்து நிறுத்துவதுதான் மருந்து. அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகு இதைச் செய்வது கொடுமைதான், ஆனால் கிளை நுனியை வளைத்தால் ஒடிகிற அளவுக்குக் காய்ந்துவிட்டதென்றால் அந்த மரத்தில் விளக்கு எரிய விடக் கூடாது.

வளையத்தில் போல்ட் போகும் துளையின் மரை தேய்ந்துவிட்டது: வளையத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொரு நட் போட்டுப் போல்ட்டை இறுக்கினால் இந்த வருடம் தாண்டிவிடும்.

பிளாஸ்டிக் மரத்துக்கு

இங்கே தண்ணீர்க் கணக்கு கிடையாது, குழாய்க் கணக்கு மட்டும். உடைந்த ஸ்டாண்டுக்கு மாற்று வாங்கும்போது மரத்தின் நடுக்கம்பிக் குழாயின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து கொண்டுபோங்கள். சாதாரணமாக 19, 25, 32 மி.மீ. அளவுகளில் வரும். ஸ்டாண்டின் குழல் அதைவிட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் இடைவெளியில் நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகுங்கள். ஒட்டுநாடாவைச் சுற்றினால் எடை ஏறும்போது நசுங்கும்.

மடக்குக் கால் ஸ்டாண்டில் கால்கள் சரியாக 90 டிகிரிக்கு விரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் ஒரு பக்கம் எளிதாகக் கவிழும். கனமான அலங்காரங்களைக் கீழே, தண்டை ஒட்டி மாட்டுங்கள். கால்கள் மேல் 5 கிலோ மணல் மூட்டை ஒன்றைப் படுக்க வைத்துத் துணியால் மறைத்தால் பாதிக் கவலை விட்டது. சுழலும் ஸ்டாண்ட் என்றால் அதன் தாங்கு எடையில் அலங்காரங்களின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக் பாயின்ட் சுழலும் தட்டிலேயே இல்லாவிட்டால் விளக்குக் கம்பி தண்டைச் சுற்றி முறுக்கி மரத்தையே இழுத்துவிடும்.

கழற்றுவது

முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். தண்ணீரோடு தூக்கினால் பிசின் கலந்த அழுக்குத் தண்ணீர் வீடெல்லாம் சிந்தும். பிறகு மரத்தைப் போர்வை மேல் படுக்க வைத்துப் போல்ட்டைத் தளர்த்துங்கள். முள் தண்டில் சிக்கியிருந்தால் ஸ்டாண்டை இழுக்காமல் இடவலமாகத் திருப்பினால் கழன்று வரும். போல்ட் நுனியிலும் கேபிள் நகத்திலும் படிந்த பிசினுக்கு முதலில் சமையல் எண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர். நன்றாகக் காய்ந்ததும் மரைகளில் வாசலின் தடவி, போல்ட்களை ஒரு பையில் போட்டு ஸ்டாண்டின் கிண்ணத்திலேயே கட்டி வையுங்கள். இந்த மரத்தின் தண்டு விட்டத்தை ஒரு சீட்டில் எழுதி அதே பையில் போட்டுவிட்டால், அடுத்த முறை மரம் எடுக்கப் போகும்போது இந்த ஸ்டாண்டில் எது அடங்கும் என்பது கையிலேயே இருக்கும்.